60 கி.மீ. தாண்டினால் ஊளைச் சத்தம்: டயரா, வீல் பேரிங்கா?

வேளச்சேரிவாசி

வணக்கம். என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், ஓடியது 82,000 கி.மீ. கொஞ்ச நாளாகவே 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் இடது பக்கத்திலிருந்து 'ஊஊ' என்று ஒரு சத்தம் வருகிறது. 80இல் போனால் பாட்டையும் மீறிக் கேட்கிறது. 40க்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் அதிர்வு கிடையாது, வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டயர் சத்தம் சார், நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். டயர் போட்டு 30,000 கி.மீ. கூட ஆகவில்லை, பட்டன் (சாலையில் படும் வரிப்பகுதி) நன்றாகவே இருக்கிறது. சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங்காக இருக்குமோ என்று கேட்டால், "ஆட்டிப் பார்த்தோம், பிளே (ஆட்டம்) இல்லை" என்கிறார்கள். நான்கு டயர் வாங்கிப் போட்ட பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டிலேயே ஏதாவது சோதித்துப் பார்க்க வழி உண்டா?


மெட்ராஸ் மைலேஜ்

பேரிங்தான் ப்ரோ. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். டயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.


நாமக்கல் டீசல்

கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அப்படித்தான் சொல்ல வரும். டயரில் பட்டன் இருப்பதும் டயர் சத்தம் போடாமல் இருப்பதும் வேறு வேறு. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் ஓட்டிய டயரும், ரொட்டேஷன் (முன்பின் இடம் மாற்றுவது) செய்யாமல் பின்னாலேயே கிடந்த டயரும் மேடும் பள்ளமுமாகத் தேயும். அப்படித் தேய்ந்தால் அச்சு அசலாகப் பேரிங் போலவே ஊளையிடும். லாரி ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.


பட்டறைவாசி

வேளச்சேரி நண்பரே, இந்த இரண்டும் ஒரே மாதிரி கேட்பதால்தான் இத்தனை குழப்பம். எதையும் கழற்றுவதற்கு முன்னால், சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். இன்ஜின் சுழற்சியோடா, வண்டியின் வேகத்தோடா, ஸ்டியரிங் திருப்பும்போதா, பிரேக்கிலா, குழியில் ஏறி இறங்கும்போதா? காரில் வரும் சத்தங்களில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஒன்றைத்தான் பின்தொடரும். என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் "என்ன சத்தம்" என்று கேட்பதைவிட "எப்போது வரும், எப்போது நிற்கும்" என்றுதான் அதிகம் கேட்பேன்.

முதலில் இன்ஜினைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். காலியான, நேரான சாலையில் 70இல் போகும்போது கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) கீழே விழும், வண்டி அதே வேகத்தில் உருளும். சத்தமும் விழுந்தால் இன்ஜின் பக்கம் தேட வேண்டும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் சக்கரம், டயர், பேரிங். அதற்காகச் சாவியை அணைத்துவிடாதீர்கள். பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

அடுத்தது சாலை. தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது டயர் சத்தம் சட்டென்று தொனி மாறும். புதுத்தார் போட்ட இடத்தில் ஏறக்குறைய காணாமலே போகும். பேரிங்குக்கு எந்த ரோடாக இருந்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவது வளைவு. அகலமான சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, 60இல் மெல்ல வலது பக்கமும் இடது பக்கமும் ஒதுங்கிப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் ஜாக்கி போடலாம்.


பொறியாளர் 79

பட்டறைவாசி அண்ணா சொன்னதில் மூன்றாவதை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது வருகிற ஹப் பேரிங்குகளில் உள்ளே இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கும். எந்த வரிசையின் பாதை அரித்திருக்கிறது என்பதைப் பொறுத்து, எடை ஏறும்போது கத்துவதற்குப் பதிலாக எடை இறங்கும்போது கத்தும் பேரிங்கும் உண்டு. எங்கள் அலுவலக வண்டி ஒன்றில் வளைவுச் சோதனை வலது என்று காட்டியது. கழற்றிப் பார்த்தால் இடதுதான் போயிருந்தது. சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பிப் பேரிங் ஆர்டர் செய்யாதீர்கள்.


பட்டறைவாசி

சரிதான் தம்பி. அதனால்தான் ஜாக்கியைக் கடைசியில் வைத்தேன்.


கொல்லிமலைக் காற்று

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் வேறு மாதிரி. கொல்லிமலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 'டக் டக் டக்' என்று முன் சக்கரத்திலிருந்து வருகிறது. 70 வளைவிலும் கேட்டுக்கொண்டே போனேன். நேராகப் போனால் துளிகூட இல்லை. இறங்கும்போதும் அவ்வளவாக இல்லை. இதுவும் பேரிங்கா?


பட்டறைவாசி

இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரும் கொடுக்கும்போது டக் டக் என்றால் ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் இன்ஜின் இழுவையை அதற்குக் கொண்டுபோகும் மூட்டு. இறங்கும்போது குறைவதற்குக் காரணம், அப்போது இன்ஜின் இழுவை அதன் மேல் இல்லை. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வட்டம் அடியுங்கள், பிறகு மறுபக்கம். பெரும்பாலும் வெளிவட்டத்தில் ஓடும் சக்கரத்தின் ஜாயிண்ட்தான் கத்தும்.

அதற்கும் முன்னால் முன் சக்கரத்துக்குப் பின்னே குனிந்து, டார்ச் அடித்து அந்த ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டைப் பாருங்கள். கிழிந்திருந்தால் ரிம்மின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்த உடனே பார்த்துவிட்டால் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, பூட் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். மண்ணும் தண்ணீரும் போய்ச் சத்தம் ஆரம்பித்துவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியதுதான். அது மாற்றும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். ஜாயிண்ட் விட்டுவிட்டால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது.


வேளச்சேரிவாசி

தாம்பரம் – மதுரவாயல் புறவழிச் சாலையில் ஞாயிறு காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கிளட்ச் மிதித்தால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எனவே இன்ஜின் இல்லை. வலப்பக்கம் ஒதுங்கினால் தெளிவாகக் கூடுகிறது, இடப்பக்கம் ஒதுங்கினால் பாதியாகக் குறைகிறது. சாலை விஷயம்தான் குழப்புகிறது. புதுத்தார் போட்ட இடத்தில் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

இன்னொன்று. எனக்கு முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து வருவதாகவே பட்டது. அம்மா பின் சீட்டில் இருந்தார்கள். "முன்னாடி இல்லடா, என் காலடியிலதான் உறுமுது" என்றார்கள்.


பட்டறைவாசி

அம்மா சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் காதுக்குத் திசை சரியாகத் தெரியாது. சத்தம் பாடியின் இரும்பு வழியே ஓடி வந்து, கிடைத்த இடத்தில் வெளியே வரும். ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிக் கேட்காமல், கூட ஒருவரை உட்கார வைத்து இடம் மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்வதுதான் சரி. ஜன்னலை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். குறைந்த வேகத்திலும் வருகிற சத்தத்துக்கு அது நல்ல சோதனை, உங்களுடையதற்கு உதவாது.

புதுத்தாரில் கொஞ்சம் குறைந்து, முழுவதும் போகவில்லை என்றால் இரண்டும் கலந்திருக்கலாம். கொஞ்சம் டயர், மீதி பேரிங். கடையில் ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் காசு கொடுத்தும் சத்தம் போகவில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

இப்போது ஜாக்கி. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முதல் கியரில் போட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், இல்லாவிட்டால் பின் சக்கரம் சுற்றாது. பின் இடது பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையைக் காலை உள்ளே விடக் கூடாது.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிளே இருந்தால் பேரிங் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளே இல்லை என்றால் பேரிங் நல்லது என்று அர்த்தமில்லை, உங்கள் சர்வீஸ் சென்டர் கோட்டை விட்டது அங்கேதான். குண்டு ஓடும் பாதையில் லேசாக அரிப்பு விழுந்தாலே ஊளை வந்துவிடும், பிளே வருவது அதற்கு வெகு நாள் கழித்து. எனவே ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் எதுவுமே உணர முடியாது. போன பேரிங் 'கொர கொர' என்று விரல் நுனியில் தெரியும். நான்கு சக்கரத்திலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள் (முன் சக்கரத்தைத் தூக்கும்போது கல்லைப் பின் சக்கரங்களுக்கு வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள்), ஒன்றில் மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அப்படியே டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பும், எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போலக் கையைப் பிடிப்பதும் இருந்தால், நாமக்கல்காரர் சொன்ன தேய்மானம் அதுதான்.


மெட்ராஸ் மைலேஜ்

ஒரு சின்ன யோசனை. போனில் சத்தத்தைப் பதிவு செய்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமே?


பொறியாளர் 79

அனுப்பலாம், ஆனால் இந்த மாதிரி ஊளைக்கு உதவாது. போன்கள் பேச்சைத் தெளிவாக்குவதற்காகத் தொடர்ந்து வரும் தாழ்ந்த இரைச்சலைக் குறைத்துவிடும். உங்களுக்குக் காதை அடைக்கிற சத்தம், கேட்கிறவருக்குக் காற்று மாதிரி இருக்கும். டக் டக், கிரீச் போன்றவை நன்றாகப் பதிவாகும்.

டக் டக் சத்தங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 5.5 மீட்டர் போகும். அதாவது சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு மூன்று 'டக்' வந்தால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: டயரில் குத்திய ஆணி, பட்டனுக்குள் சிக்கிய ஜல்லி, லூசான வீல் கவர். இன்ஜின் ஐடிலிங்கிலேயே, 800 ஆர்பிஎம் என்றால் நொடிக்குப் பதிமூன்று தடவை சுற்றும், அதை எண்ணவே முடியாது. விரல் விட்டு எண்ண முடிகிற சத்தம் என்றால் சக்கரத்தின் பக்கம் போங்கள்.


திருச்சி ஸ்டெப்னி

நான் முழு லிங்க் ராட் (சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி) செட்டும் மாற்றக் கிளம்பியவன். ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் 'லொட லொட'. கடைசியில் டிக்கியைக் காலி செய்து பார்த்தால் ஸ்டெப்னியை இறுக்கும் நட்டு லூசு. எல்லோரும் முதலில் ஜாக்கி, ஸ்பேனர் பை, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், யாரும் உட்காராத சீட்டில் தொங்கும் பெல்ட் பக்கிள், இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை.


பட்டறைவாசி

உண்மை. அதையும் பார்த்த பிறகு சின்னச் சின்னக் குழியில் 'கடக் கடக்' என்று மெதுவான வேகத்திலேயே வந்தால் லிங்க் ராடுதான் முதல் சந்தேகம். பிரேக் போடும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டங்க்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர்). வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் மேலே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பாடியில் மாட்டியிருக்கும் இடம்). கிளட்சை விட்டதும் இன்ஜினே ஒரு குலுங்கு குலுங்கி இடித்தால் இன்ஜின் மவுண்ட். நியூட்ரலில் வைத்துக் கிளட்சை மிதித்தால் மட்டும் 'கிர்ர்' என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் சைலன்சர் மேலிருக்கும் ஹீட் ஷீல்டு. அதற்குப் பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும், சைலன்சரை மாற்றச் சொல்கிற கடைக்குப் போகாதீர்கள்.


கடலூர் மழை

மழை நாளில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீஈஈ' என்று கத்துகிறது. ஊரே எழுந்துவிடும் போலிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும். ஃபேன் பெல்ட்டில் டபிள்யூடி-40 அடித்தால் போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.


பட்டறைவாசி

தயவுசெய்து பெல்ட்டில் எந்த எண்ணெயும் அடிக்காதீர்கள். அப்போதைக்கு அடங்கும், அப்புறம் பெல்ட் இன்னும் வழுக்கும், ரப்பரும் கெடும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கேளுங்கள். சத்தம் அடங்கி, தண்ணீர் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் இன்னும் அதிகமாகக் கத்தினால் டென்ஷன் போதவில்லை. இதைச் செய்யும்போது வேட்டி, துப்பட்டா, கையில் கயிறு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.


நாமக்கல் டீசல்

எந்தச் சத்தத்துக்கு வண்டியை உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இங்கே படிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.


பட்டறைவாசி

நல்ல கேள்வி. ஆயில் விளக்கு எரிந்துகொண்டு இன்ஜினுக்குள் சுத்தியல் அடிப்பது கேட்டால் அங்கேயே அணைத்துவிட வேண்டும், பக்கத்துப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. பிரேக்கில் இரும்போடு இரும்பு உராயும் 'கர்ர்' சத்தம் என்றால் பேட் முழுவதும் தீர்ந்து டிஸ்க்கை அரைக்கிறது. அதற்கு முன்பே பேடில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் பட்டுக் கிரீச்சிட்டு எச்சரித்திருக்கும். அந்தச் சமயத்தில் மாற்றினால் பேடோடு போகும். மழைக்கு அடுத்த நாள் காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் உராய்ந்தால் அது டிஸ்க்கில் படிந்த துரு, கவலை வேண்டாம். டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே கல் சிக்கினாலும் பயங்கரமாகக் கிரீச்சிடும், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

கடைசியாக, டயர் கழற்றி மாட்டிய பிறகு 'டுப் டுப்' என்று சத்தத்தோடு சக்கரம் ஆடினால் வீல் நட்டு லூசு. ஓரம் கட்டி உடனே பாருங்கள்.


வேளச்சேரிவாசி

பக்கத்துத் தெருப் பட்டறையில் நான்கு சக்கரத்தையும் தூக்கி, ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தோம். முன் இரண்டும் சுத்தம். பின் வலதும் சுத்தம். பின் இடது சுற்றும்போது ஸ்பிரிங்கில் அரிசி அரைக்கிற மாதிரி தெரிந்தது. பிளே ஒரு துளிகூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரே வார்த்தை.

பேரிங் மாற்றியாயிற்று, கூலியோடு நான்காயிரத்துக்குள் முடிந்தது. பழைய பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சீலுக்கு உள்ளே கிரீஸ் பழுப்பாகி, துருப் படிந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதனாலாக இருக்குமா? இத்தனை நாள் கழித்தா?


பட்டறைவாசி

இருக்கும். சீல் வழியே கொஞ்சம் தண்ணீர் போனால் போதும், கிரீஸ் கெட்டு, பாதையில் துருப் புள்ளி விழும். அது பெரிதாகிச் சத்தமாக மாற மாதங்கள் ஆகும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இப்படித்தான் தாமதமாக வந்தார்கள். ஓடிச் சூடான பேரிங் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும், நின்ற வண்டியைவிட வெள்ளத்தில் ஓட்டிய வண்டிக்கு ஆபத்து அதிகம்.

மற்றவர்களுக்கு ஒன்று. பிரஸ் வைத்து ஏற்றும் பேரிங்கை சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். வெளி வளையத்தைத்தான் பிரஸ் அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் குண்டுகள் பாதையில் தழும்பு போட்டு, புதுப் பேரிங்கே ஊளையோடு வெளியே வரும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நடு நட்டை ஏர் கன்னால் மட்டும் இறுக்கி அனுப்பினால், டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) எங்கே என்று கேளுங்கள்.

சத்தம் முழுவதும் போய்விட்டதா?


வேளச்சேரிவாசி

முக்கால்வாசி போய்விட்டது. வளைவில் கூடுவது, குறைவது சுத்தமாக இல்லை. பழைய தார் ரோட்டில் மட்டும் 80க்கு மேல் லேசாக ஒரு இரைச்சல் இருக்கிறது. பின் டயர் இரண்டிலும் தடவிப் பார்த்தால் கையைப் பிடிக்கிறது.


நாமக்கல் டீசல்

என் பங்கு வந்துவிட்டது.


பட்டறைவாசி

வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். வேளச்சேரி நண்பரே, அந்த இரண்டு டயரையும் அதே பக்கத்திலேயே முன்னால் கொண்டுபோய், முன் டயர்களைப் பின்னால் போடுங்கள். இரைச்சல் முன்பக்கம் நகர்ந்து வந்தால் டயர்தான் என்பது உறுதி. பின்னால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள், அது செத்துப்போனாலும் டயர் இப்படித்தான் தேயும். கறை இல்லை என்றால் அலைன்மென்ட் மட்டும் பார்த்துவிட்டு அப்படியே ஓட்டுங்கள். இரைச்சல் கொஞ்ச காலம் இருக்கும், டயர் மாற்றும் நாள் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். ரொட்டேஷன் செய்து 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.